பவுனு பெருத்த ஆடி மாதம்

சோறு போட்டே ஒரு ஜீவனைக் கொல்லப் பார்த்தவன் நான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. சொன்னால் சாமியார் சிரித்துவிடுவாரோ என்ற பயம்தான் காரணம். நான் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை, ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. வேளாவேளைக்குத் தீனி வைத்தேன், அன்போடு வைத்தேன், வேளை அல்லாத வேளையிலும் வைத்தேன். அந்த ஜீவன் பவுனு என்ற வெள்ளைப் பெண் குதிரை. அது என்னுடையதும் இல்லை. நான் பெண் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த வீட்டுக் குதிரை.

அது எண்பத்தேழாம் வருடம். எனக்கு இருபத்தாறு வயது. மெட்ராஸை ஒட்டிய பாடியில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். பல்சக்கரங்களை அளந்து பார்த்து, சரியானதை வலது பக்கமும் தப்பானதை இடது பக்கமும் வைப்பது என் வேலை. கரையான்சாவடியில் ஒரு சந்தில் தனி அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு லாயம். லாயத்தில் பவுனு. லாயத்தைத் தாண்டி ஒரு துணிக்கொடி. கொடிக்கு அடியில் காலையும் மாலையும் ஸ்டெல்லா. (குதிரை லத்தி நாற்றத்தோடு இரண்டு வருடம் அந்த அறையை ஏன் காலி செய்யாமல் இருந்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.)

ஸ்டெல்லாவின் அப்பா அந்தோணிசாமி ஒரு காலத்தில் ஜட்கா ஓட்டியவர். ஆட்டோக்கள் பெருகியதும் வண்டியை விற்றுவிட்டு, பவுனை மாப்பிள்ளை ஊர்வலங்களுக்கு விட ஆரம்பித்தார். "பூந்தமல்லிலேர்ந்து அம்பத்தூரு வரைக்கும் கட்டிக்கினவன்ல பாதிப் பேரு மொதல்ல என் பவுனு மேல உக்காந்தவன்தான்" என்று பெருமையாகச் சொல்வார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் குதிரையால்தான். நான் என் அத்தையை அனுப்பிப் பெண் கேட்டபோது அவர் "பாக்கலாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் தூங்காமல் இருந்தேன்.

அந்த ஆனி மாதத்தில் அவருக்குக் குடலிறக்கம் என்று ஆபரேஷன் நடந்தது. இரண்டு மாதம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்தால் குதிரையைப் பார்த்ததும் மனிதர் வாளியைத் தூக்கிவிடுவார் என்று, வேப்பம்பட்டில் இருந்த அவர் தங்கை வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போக ஏற்பாடானது. பார்த்துக்கொள்ள மனைவியும் மகளும் கூடவே போனார்கள். பவுனை யார் பார்ப்பது என்ற பேச்சு வந்தபோது, ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த நான் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"குதிரை பக்கத்துல எப்பனா நின்னுகீறியா நைனா?" என்று கேட்டார்.

"எங்க ஊர்ல குதிரை இருந்தது மாமா. சின்ன வயசுலேர்ந்தே பழக்கம்."

(பொய் இல்லை. எங்கள் ஊர் மாதா கோயில் திருவிழாவில் வரும் ராட்டினத்தில் ஒரு மரக்குதிரை இருந்தது. அதிலிருந்து ஒருமுறை விழுந்தும் இருக்கிறேன்.)

அவர் இரண்டு விரலைக் காட்டினார். "ரெண்டே விஷயம். காலைல அரை மணி, சாயங்காலம் அரை மணி நடக்க வை. அப்பால, எலும்பு வெளிய தெரியக் கூடாது. எலும்பு தெரியற குதிரைல எந்த மாப்பிள்ளையும் ஏற மாட்டான். ஆடி போனா ஆவணில மூணு ஊர்வலம் ஒத்துக்கினுகீறேன்."

சரி மாமா என்றேன். 'மாமா' என்று நான் இரண்டாம் முறை கூப்பிட்டதை அவர் கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை. அதையே பாதிச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு பவுனைத் தெருவுக்குக் கூட்டிவந்தேன். நான் கூட்டிவந்தேன் என்பது மரியாதைக்காகச் சொல்வது. அது வந்தது, நான் கயிற்றில் தொங்கிக்கொண்டு பின்னால் வந்தேன். இரண்டாம் நாள் தண்ணீர்க் குழாயடியில் என் இடது கால் மேல் ஏறி நின்றுகொண்டு, குடம் வைத்துக் காத்திருந்த பெண்கள் எல்லோரையும் நிதானமாகப் பார்த்தது. காலை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். ஒரு குடம் நிரம்பும் நேரம் வரை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு லாரி ஹாரன் அடித்ததற்கு அது தலையைத் தூக்க, கூடவே நானும் தரையை விட்டு ஒரு முழம் மேலே போய் இறங்கினேன்.

நான்காம் நாள் நடை கிடையாது. ஐந்தாம் நாளும் கிடையாது. அதற்கப்புறம் எந்த நாளும் கிடையாது. எனக்கு அந்தக் குதிரையைக் கண்டால் பயம். இதை யாரிடமும் சொல்ல முடியாது. குதிரை ஊர்வலக்காரர் பெண்ணைக் கேட்டவன் குதிரைக்குப் பயப்படுகிறான் என்று தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. ஆகவே, சொன்ன இரண்டில் ஒன்றைச் செய்யாததால், மற்றொன்றை இரண்டு பங்காகச் செய்து சரிக்கட்டுவது என்று முடிவு செய்தேன். எலும்பு தெரியக் கூடாது, அவ்வளவுதானே.

தீனி விஷயத்தில் எனக்கும் பவுனுக்கும் சண்டையே இல்லை. வேலி மேலாகக் கூடையை நீட்டினால் போதும். காலையில் ஊறவைத்த கொள்ளு. மத்தியானத்துக்குப் புல்லுக்கட்டைக் காலையிலேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் தவிடும் வெல்லமும் பிசைந்து உருண்டை. படுக்கப் போகும் முன் ஜன்னல் வழியாக வாழைப்பழம். அது சாப்பிடும் சத்தம் கேட்டால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும்.

இதில் என் தொழில் புத்தி வேறு சேர்ந்துகொண்டது. தொழிற்சாலையில் எதையும் அளக்காமல் நல்லது கெட்டது சொல்லக் கூடாது. எனவே தையற்கார நாடா இரண்டை வாங்கி ஒட்டுப் போட்டு, கூடைக்குள் தலை இருக்கும்வரை அது என்னைக் கண்டுகொள்ளாது என்ற தைரியத்தில், ஒவ்வொரு சனிக்கிழமையும் பக்கத்தில் போய் வயிற்றைச் சுற்றி அளந்தேன். கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தேன். கோடு வாராவாரம் மேலே ஏறியது. எங்கள் தொழிற்சாலையில்கூட எந்தக் கோடும் அப்படி ஒரே சீராக ஏறி நான் பார்த்ததில்லை. அந்தக் காகிதத்தை என் அறைச் சுவரில் மாதா படத்துக்குக் கீழே ஒட்டிவைத்தேன்.

அப்புறம் ஆடி பிறந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது என்பதால் பவுனுக்கு ஊர்வலமும் கிடையாது. ஆனால் ஆடியில் கூழ் உண்டு. எங்கள் சந்தைச் சுற்றி நாலு அம்மன் கோயில்கள். ஒவ்வொன்றிலும் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ். எதிர்வீட்டுக் கன்னியம்மா அக்கா அதில் ஒரு கோயிலின் அண்டாவுக்குப் பொறுப்பு. ஊருக்கெல்லாம் ஊற்றியது போக மிச்சத்தை ஒரு வாளியில் கொண்டுவந்தார்.

"மாமா ஊட்ல இல்ல. பாவம், வாயில்லா ஜீவன் ஏங்கிப் போயிருக்கும். இந்தா லூர்து, குதிரைக்கு ஊத்து" என்றார்.

பவுனு அந்த வாளியை நக்கிக் கவிழ்த்துவிட்டு, கன்னியம்மா அக்காவின் தோளில் தலையை வைத்தது. அக்கா கண்கலங்கிவிட்டார். அம்மனே வந்து குடித்ததுபோல் இருந்தது என்று நாலு கோயிலிலும் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று வாளி. வெள்ளிக்கிழமை ஐந்து. ஞாயிற்றுக்கிழமை வரிசை நின்றது. அந்தோணிசாமி வீட்டு வாசலில் வேளாங்கண்ணி மாதா படம், உள்ளே மஞ்சள் குங்குமத்தோடு கூழ் வாளிகள். சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தவர்களும் உண்டு. எங்கள் சந்தில் அந்த ஆடியில் இருந்த மத ஒற்றுமையை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை. அத்தனையும் ஒரே வயிற்றுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மத்தியானங்களில் பூசை முடிந்ததும் வேப்பம்பட்டுக்குப் போய் அறிக்கை கொடுப்பேன். குதிரைக்காகப் போகிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள்.

"அவ எப்பிடிகீறா?" என்பார் அந்தோணிசாமி, கட்டிலில் படுத்தபடி.

"எலும்பு தேடினாலும் கிடைக்காது மாமா."

அவர் முகம் மலரும். வாசல் வரை வழியனுப்ப வரும் ஸ்டெல்லா மட்டும், "தினமும் நடக்க வைக்கறீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"நடைக்கு என்ன குறைச்சல்" என்றேன். அவள் என் செருப்பைப் பார்த்தாள். தினமும் குதிரையோடு நடப்பவன் செருப்பு அப்படிப் பளபளவென்று இருக்காது என்று அவளுக்குத் தெரியும். குதிரை வீட்டில் பிறந்தவள். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆடி நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவர்கள் திரும்பி வருவதாக இருந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பவுனு ஒரு மாதிரியாக நின்றது. முன்னங்கால்களை நீட்டி வைத்துக்கொண்டு, கனத்தையெல்லாம் பின்னால் சாய்த்து, ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. கூழைக்கூடப் பாதியில் விட்டது. உண்ட மயக்கம், ஓய்வாக நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகச் சாப்பிட்டவர்கள் நாற்காலியில் சாய்வதில்லையா. (அன்றைக்கு என் மூளையை யாராவது அளந்திருந்தால் இடது பக்கம் வைத்திருப்பார்கள்.)

வரவேற்புக்கு ஒரு பெரிய திட்டம் போட்டேன். அவர்கள் ஏறி வரும் ஆவடி பஸ் நிற்கும் இடத்தில், ஜரிகைத் துணியும் மல்லிகைச் சரமும் போட்டுப் பவுனை நிறுத்திவிடுவது. மாமா பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டும், பார்க்க வேண்டும், அந்த இடத்திலேயே "தையில வச்சுக்கலாம்" என்று சொல்ல வேண்டும். அன்று காலை, பவுனு அசையாமல் நின்ற தைரியத்தில், ஊர்வலச் சேணத்தைத் தூக்கிப் போட்டேன். வயிற்றுப்பட்டையை இழுத்தேன். கடைசி ஓட்டைக்கும் கொக்கிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பட்டை வெயிலில் சுருங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, என் பேண்ட் பெல்ட்டைக் கழற்றி நடுவில் கோத்து மாட்டினேன். ஒரு கையில் கயிறு, மறு கையில் என் பேண்ட். இப்படிப் புறப்பட்டோம்.

சந்திலிருந்து மெயின் ரோடு நூறு அடிதான். அதற்கே பவுனுக்கு மூச்சு வாங்கியது. முள் மேல் நடப்பதுபோல் ஒவ்வொரு அடியாக வைத்தது. ரோட்டின் நடுவுக்கு வந்ததும் நின்றது. கயிற்றை இழுத்தேன். தலையைக் கீழே போட்டது. பிறகு பெருமூச்சு ஒன்று விட்டு, முன்னங்காலை மடக்கி, பின்னங்காலை மடக்கி, ஜரிகைத் துணியோடும் மல்லிகைச் சரத்தோடும் நட்டநடு ரோட்டில் படுத்துவிட்டது. என் பெல்ட் அறுந்து எங்கோ போய் விழுந்தது.

அந்தப் பக்கம் நாலு லாரி, இந்தப் பக்கம் மூன்று பஸ், நடுவில் சைக்கிள்கள், காய்கறி வண்டிகள். கூட்டம் கூடிவிட்டது. நான் பேண்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"செனையா கீதுபா. எட்டாம் மாசம் இருக்கும்" என்றார் ஒரு லாரி டிரைவர், இறங்கி வந்து பார்த்துவிட்டு.

"ரெட்டையா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

பின்னால் நின்ற ஆவடி பஸ்ஸிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். வயிற்றை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக நடந்து, கூட்டத்தை விலக்கி ஒருவர் முன்னால் வந்தார். குதிரையைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமும் இரக்கமும் சேர்ந்து வந்தன.

"எவன்டா அவன், செனைக் குதிரையைப் போயி ரோட்டுக்கு இட்டாந்து படுக்க வச்சுகீறான்? யாருதுபா இந்தக் குதிரை?"

அது அந்தோணிசாமி. தன் சொந்தக் குதிரையைப் பார்த்து அப்படிக் கேட்டார். நான் கூட்டத்துக்குள் மறையப் பார்த்தேன். ஆனால் பவுனு அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டது. தலையைத் தூக்கி மெல்லக் கனைத்தது. குனியக் கூடாதவர் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து அதன் முகத்தைப் பிடித்துக்கொண்டார். அதன் முன்னங்குளம்பைத் தொட்டுப் பார்த்தவர் கையை வெடுக்கென்று எடுத்தார்.

"கொதிக்குதுடி ஸ்டெல்லா. ஓடு, டாக்டரம்மாவ கூட்டிகினு வா."

ஸ்டெல்லா ஆட்டோவில் ஏறிப் பூந்தமல்லிக்குப் போனாள். போகும்முன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை எழுத இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் வசந்தா கால்நடை மருத்துவமனைக்குப் புதிதாக வந்தவர். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவராக இருப்பார். மொபெட்டில் வந்து இறங்கியவர், குதிரையின் கழுத்தை அழுத்தினார், விலாவில் விரலை ஓட்டினார், குளம்புக்கு மேலே நாடி பிடித்தார். பிறகு எழுந்து, பேண்ட்டைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் நேராக வந்தார்.

"என்ன தீனி போட்டீங்க?"

சொன்னேன். கொள்ளு, தவிடு, வெல்லம் வரைக்கும் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கூழ் என்றதும் பேனாவை எடுத்துவிட்டார்.

"கூழா? தினமுமா?"

"இல்லைங்க டாக்டர். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மட்டும்தான். நாலு கோயில்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "மனுஷனுக்குத் தொப்பை விழுந்தா பேண்ட் மாத்தினா போதும். குதிரைக்கு அப்படி இல்ல சார். இத்தனை கனமும் நிக்கறது நாலு நகத்து மேல. குளம்புங்கறது நகம்தான். அதுக்குள்ள ஒரு எலும்பு, மெல்லிசு மெல்லிசான சதையால நகத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்படிக் கொழுத்த குதிரைக்கு மாவும் சர்க்கரையும் அளவில்லாம போட்டா அந்தச் சதை வெந்து போகுது. பிடி விட்டா எலும்பு கீழ இறங்கிடும். பாதத்தைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்த குதிரைங்களும் இருக்கு."

"எறங்கினா?" என்று தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார் அந்தோணிசாமி.

"இறங்கினா நடக்காது. நிக்கக்கூட முடியாது. ஊசி போட்டு அனுப்பி வைக்கறதுதான் அதுக்கு நல்லது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னும் இறங்கலைன்னு நினைக்கறேன். மூணு நாள்ல தெரியும். இதயமும் மூச்சும்கூடத் திணறுது. கொழுப்பு எல்லா இடத்துலயும் கீது." (மெட்ராஸ் பாஷை அவருக்கும் அந்தக் கோபத்தில் வந்துவிட்டது.)

ஊசி போட்டு வலி கொஞ்சம் அடங்கியதும் அதை எழுப்பினார்கள். தார் ரோட்டில் அது கால் வைக்க மறுத்தது. கன்னியம்மா அக்கா ஓடிப்போய்ச் சாக்குகளும் பழைய புடவைகளும் கொண்டுவந்தார். கூழ் ஊற்றிய பெண்கள் எல்லோரும் வந்தார்கள். பவுனுக்கு முன்னால் விரித்து, அது கடந்ததும் பின்னால் சுருட்டி எடுத்து மறுபடி முன்னால் விரித்து, நூறு அடி தூரத்தை முக்கால் மணி நேரத்தில் கடந்து லாயத்துக்குள் சேர்த்தோம்.

அந்தோணிசாமி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "நடக்க வச்சியா?"

"இல்ல மாமா. பயம்."

என் வாழ்க்கையில் அந்த வீட்டில் நான் பேசிய முதல் உண்மை அது. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"பயம்னு சொல்லிருந்தா நான் ஸ்டெல்லாவ அனுப்பியிருப்பேனே நைனா." கத்தவில்லை அவர், அதுதான் தாங்க முடியவில்லை. "எனக்குக் குனிய ஒடம்பு இல்ல. இவள நீதான் பாக்கணும். எழுந்து நடந்தாள்னா பாக்கலாம். நடக்கலைன்னா, நீ ரூமைக் காலி பண்ணிட்டுப் போயிடு. உன்ன பாத்தா எனக்கு இவதான் ஞாபகம் வருவா."

தொழிற்சாலையில் இருந்த விடுமுறையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டேன். லாயத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஆற்று மணல் கொட்டிப் பரப்பினேன். மணிக்கொரு தரம் குளம்புகளுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். கொள்ளு இல்லை, வெல்லம் இல்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த காய்ந்த புல்லை மட்டும் தராசில் நிறுத்துக் கொடுத்தேன். ஒரேயடியாகப் பட்டினி போடக் கூடாது, அப்படிப் போட்டால் கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கி வேறு விதமாகக் கொன்றுவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பவுனு புல்லை மோந்துவிட்டு என்னைப் பார்க்கும். நாங்கள் எத்தனை நல்ல நண்பர்களாக இருந்தோம், உனக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்க்கும்.

மூன்றாம் நாள் டாக்டர் வந்து குளம்பை அழுத்திப் பார்த்தார். எலும்பு இறங்கவில்லை. நான் மணலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஸ்டெல்லா லாய வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு டம்ளர் காபியை மணலில் வைத்துவிட்டுப் போனாள். ஆறிப்போன பிறகுதான் குடித்தேன். அதைவிட ருசியான காபியை இதுவரை நான் குடித்ததில்லை.

கூழ்தான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. எங்கள் பக்கம் ஆடி முடிந்தாலும் ஆவணி ஞாயிறுகளிலும் ஊற்றுவார்கள். குதிரைக்கு வேண்டாம் என்று ஒரு வாளியைத் திருப்பினேன். கன்னியம்மா அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அம்மன் கூழாலதான் குதிரை படுத்துச்சுன்னு சொல்றியா லூர்து? இத்தினி வருசம் ஊர்ல யாரு படுத்தாங்க?"

"கூழு மேல தப்பே இல்லக்கா. தப்பு என் மேலதான்."

"அப்ப ஊத்து."

ஊற்றவும் முடியாது, திருப்பவும் முடியாது. சாக்கு விரித்த கைகள் அவை. யோசிக்காமல் சொன்னேன், "குதிரைக்குச் சேர வேண்டியத நான் குடிக்கறேங்க்கா. அது பேரால." அக்காவுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றைக்கு ஒரு சொம்பு. அடுத்த ஞாயிறு ஆறு வீட்டார் பவுனு பேரால் கொண்டுவந்தார்கள். ஒருவருடைய கூழை மட்டும் மறுத்தால் அவருடைய அம்மனையே மறுத்ததாகிவிடும். எல்லாவற்றையும் குடித்தேன். கருவாட்டுக் குழம்பு சேர்த்துக் கொடுத்தவர்களும் உண்டு. அதைக் குதிரைக்கு யாரும் கொடுத்ததில்லை.

பதின்மூன்றாம் நாள் பவுனு மணலில் தானாக நாலு அடி நடந்தது. அடுத்த வாரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சந்து முனை வரை போனோம். அது என் கால் மேல் ஏறி நின்றால் நிற்கட்டும் என்று இருந்தது எனக்கு. நடந்தால் போதும். பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. கால் மணி அரை மணியானது, அரை மணி ஒரு மணியானது. சனிக்கிழமைகளில் அதே நாடாவால் அளந்தேன். மாதா படத்துக்குக் கீழே இருந்த காகிதத்தில் கோடு கீழே இறங்க ஆரம்பித்தது. கோடு இறங்குவதைப் பார்த்துத் துள்ளிக் குதித்த தரச் சோதனைக்காரன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆவணி ஊர்வலங்கள் மூன்றும் கைநழுவிப் போய்விட்டன. ஐப்பசியில், மெலிந்த ஆளாக இருந்தால் ஒருவரை ஏற்றலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்தார், எத்தனை கிலோ வரை என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார். அதற்கப்புறம் யார் ஊர்வலத்துக்குக் கேட்டு வந்தாலும் அந்தோணிசாமி, "மாப்பிள்ளை எத்தினி கிலோ?" என்றுதான் முதலில் கேட்டார். இரண்டு வீட்டார் கோபித்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக, பூந்தமல்லியில் ஒரு டைப்ரைட்டிங் வாத்தியார் கிடைத்தார். ஈர்க்குச்சியான மனிதர். அவரைப் பார்த்ததும் அந்தோணிசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று மாலை சேணத்தின் பட்டை மூன்றாவது ஓட்டையில் மாட்டியது. பேண்டு வாத்தியம், பெட்ரோமாக்ஸ் விளக்குகள். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பவுனு படுத்த அதே இடம் வந்தபோது கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அது காதை ஆட்டிக்கொண்டு, கழுத்தை வளைத்து, டக் டக்கென்று கால் எடுத்து வைத்து அந்த இடத்தைத் தாண்டிப் போனது. கன்னியம்மா அக்கா ரோட்டோரத்தில் தேங்காய் உடைத்தார். ஊர்வலத்தில் வந்த எல்லோரும் அது மாப்பிள்ளைக்கு என்று நினைத்தார்கள். கடைசி வரை ஒரு கால்கூட நொண்டவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பேண்டு சத்தத்தில் கத்தியும் விட்டேன்.

லாயத்தில் கட்டியதும் அந்தோணிசாமி நாலு குளம்புகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் குளிர்ந்திருந்தன. எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"தை மாசம் ரூமைக் காலி பண்ணிடு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏன் மாமா? நல்லாத்தானே நடந்தது?"

"கட்டிக்கினு அப்பால அந்த ரூம்புல ரெண்டு பேரு எப்பிடிடா இருப்பீங்க?"

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. ஸ்டெல்லாதான்.

தையில் கல்யாணம். பவுனு மேல் உட்கார்ந்து நான் மாதா கோயிலுக்குப் போவது என்று ஏற்பாடு. டாக்டர் வசந்தாவும் விருந்தாளியாக வந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தவர், பக்கத்து அரிசி மண்டிக்கு அழைத்துப்போய் மூட்டை நிறுக்கும் தராசில் நிற்கச் சொன்னார். ஆவணி முழுவதும் பவுனு பேரால் குடித்த கூழ் அங்கே தெரிந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் பதினோரு கிலோ.

"சாரி சார், நீங்க ஏறக் கூடாது" என்றார்.

அந்தோணிசாமி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "டாக்டரம்மா சொன்னா சொன்னதுதான். நீ நடந்து வா மாப்ள." மாப்பிள்ளை என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

அப்படித்தான் என் கல்யாண ஊர்வலம் நடந்தது. முன்னால் பேண்டு. நடுவில் மாலையும் ஜரிகையும் போட்டுக்கொண்டு, முதுகில் யாருமே இல்லாமல், பவுனு ராஜநடை நடந்துவந்தது. பக்கத்தில் கோட்டும் சூட்டும் போட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். கோயில் வாசலில் அம்பத்தூர் போட்டோக்காரர் எடுத்த படம் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, இதில் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். அந்தப் படத்தில் குதிரை, பேண்டுக்காரர்கள், அந்தோணிசாமி, கன்னியம்மா அக்கா, கோயில் வாசலில் வெள்ளைப் புடவையில் தேவதையாக நிற்கும் ஸ்டெல்லா எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்து பவுனின் முன்னங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"கயிறு புடிச்சுக்கினு நிக்கறாரு பாருங்க, அவருதான்" என்று ஸ்டெல்லா எல்லோருக்கும் காட்டுவாள். "பொண்ணு எதிர்லயே நிக்கறா, இவரு குதிரை நொண்டுதான்னு பாத்துகினுகீறாரு. அன்னிக்கே எங்கப்பா சொன்னாரு, பொண்ண இவன நம்பிக் குடுத்தது தப்பே இல்லன்னு."